கூசுகிற பெட்டி

கம்ப்யூட்டரைக் கடையில் முழுசாக வாங்குகிறவர்கள் ஒரு ரகம். பாகம் பாகமாக வாங்கித் தாங்களே பூட்டுகிறவர்கள் இன்னொரு ரகம். திருச்சியில் இந்த இரண்டாவது ரகத்துக்கு ஒரு மன்றம் இருக்கிறது. மேசை மன்றம் என்று பெயர். மாதத்தில் ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். அவர் மேசையைப் பார்ப்போம், தடவுவோம், வயிறெரிவோம், பிறகு பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவோம். போண்டாவும் உண்டு.

ஃபௌசியாவை எல்லோரும் குருவே என்றுதான் கூப்பிடுவோம். கிண்டலாக ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது. சார்ஜர், பவர் சப்ளை மாதிரிச் சாமான்களைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வகத்தில் இன்ஜினியர். எங்களில் பாதிப் பேருக்கு மகள் வயது. ஆனாலும் அவர் பேச ஆரம்பித்தால் நாங்கள் போண்டாவைக் கீழே வைத்துவிடுவோம். இதுவரை அவர் யாருக்கும் பத்து போட்டதில்லை.

அந்தப் பத்தை வாங்கியே தீருவது என்று இருந்தார் பல் டாக்டர் சிவநேசன். மன்றத்தில் மூத்தவர் அவர்தான். நான் ஃபௌசியாவோட சீடன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமை. தில்லைநகரில் வீடு. மாடியில் ஓர் அறையை ஒழித்து, ஒரு வருடமாக அந்த மேசையைச் செதுக்கிக்கொண்டிருந்தார்.

"இந்த ஞாயிறே வந்துடுங்க" என்று எல்லோருக்கும் போன் செய்தார். "திங்கக்கிழமை மக வர்றா, ஓசூர்லேருந்து. பேரன் முதல் தடவையா நம்ம வீட்டுக்கு வர்றான். தவழ ஆரம்பிச்சுட்டான். அப்புறம் வீடு என் கையில இருக்காது."

போனோம். அறை வாசலில் துணிச் செருப்புகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். அடியில் கனமான ரப்பர்.

"இதைப் போட்டுக்கிட்டுத்தான் உள்ள வரணும். தூசி ஆகாது பாருங்க" என்றார்.

வீட்டுக்குள் செருப்பு போடுவது எங்களுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் டாக்டர் சொன்னால் வாயைத் திறக்கிற மாதிரி, செருப்பையும் மாட்டிக்கொண்டோம்.

உள்ளே போனதும் பேச்சு நின்றுவிட்டது. தேக்கு மேசை. இரண்டு மானிட்டர்களும் காற்றில் நிற்கிற மாதிரி இருந்தன. மேசைக்குப் பக்கத்தில், தரையிலேயே ஒரு சின்ன மணைமேல், கண்ணாடி வைத்த இரும்புப் பெட்டி. அதுதான் கம்ப்யூட்டர். உள்ளே விளக்குகள் ஊதாவிலிருந்து பச்சைக்கும் பச்சையிலிருந்து ஆரஞ்சுக்கும் மெல்ல மாறிக்கொண்டிருந்தன. இத்தனைக்கும் ஓர் ஒயர்கூடக் கண்ணில் படவில்லை.

எங்கள் மன்றத்துத் தனராஜ் கீபோர்டில் நாலு தட்டு தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் சொந்தக் கீபோர்டுக்கே அவ்வளவு மரியாதை கொடுத்துப் பார்த்ததில்லை.

"ஒயரையெல்லாம் எங்க டாக்டர் ஒளிச்சீங்க?"

"மேசைக்கு அடியில ஒரு தட்டு. மெலிசான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். எல்லாம் அதுக்குள்ள அடக்கம்."

"பவர் சப்ளை?"

"இருக்கறதுலயே ஒசத்தி. அதுல நான் கஞ்சத்தனம் பண்ணல."

ஒன்பது, ஒன்பதரை என்று மார்க் விழுந்தது. தனராஜ் பத்தே போட்டார். டாக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபௌசியா தாமதமாக வந்தார். வெளியே நல்ல மழை. கால் கழுவிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட மாடியேறி வந்தார்.

"செருப்பு, குருவே."

"ஈரக் கால் டாக்டர். நனைஞ்சுடும். இருக்கட்டும்."

டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. குருவாச்சே, விட்டுவிட்டார்.

ஃபௌசியா மேசையைப் பார்த்தார், மானிட்டரைப் பார்த்தார். பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, பின்பக்கத்து ஸ்க்ரூவில் விரல் வைத்தார். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். அந்த விரலைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன குறை குருவே?" என்றார் டாக்டர். "இன்னைக்கு நீங்க சொல்லியே ஆகணும்."

"இந்த ரூமை யார் பெருக்கித் துடைக்கறது?"

டாக்டர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "வீடு பூரா திலகாதான். இந்த ரூம் மட்டும் நான்."

"ஏன்?"

"அவளுக்கு இந்தப் பெட்டி ஆகாது. கூசுதாம்." டாக்டர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "கூசறதுக்கு இது என்ன பல்லா?"

நாங்களும் சிரித்தோம். ஃபௌசியா சிரிக்கவில்லை.

"அக்காவைக் கொஞ்சம் கூப்பிடுங்க."

டாக்டரின் மனைவி திலகா போண்டாத் தட்டோடு வந்தார். அறை வாசலிலேயே நின்றுகொண்டார்.

"உள்ள வாங்கக்கா."

"வேண்டாம்மா. நான் இங்கயே நிக்கறேன்."

"பெட்டி கூசுதுன்னு சொன்னீங்களாமே."

திலகா கணவரைப் பார்த்தார். பிறகு தட்டைத் தனராஜிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார். "ஆமாம்மா. ஈரத் துணியோட துடைக்கப் போனா விரல் நுனியில சுர்ருனு ஏறும். முழங்கை வரைக்கும் வரும். ஒரு தடவை இல்ல, எப்பத் தொட்டாலும்."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். வாயை மூடுன்னார். மூடிக்கிட்டேன்." அவர் குரலில் கோபமெல்லாம் இல்லை. "குழந்தை வருது பாருங்க. அதான் இந்தக் கதவைக் கயிறு போட்டுக் கட்டிடலாமான்னு காலையிலேருந்து யோசிக்கறேன். கட்டினா இவர் சத்தம் போடுவார்."

"அவ எதைத் தொட்டாலும் ஷாக்குன்னுதான் சொல்வா" என்றார் டாக்டர்.

ஃபௌசியா எழுந்துபோய் டாக்டரின் டூல்ஸ் பெட்டியிலிருந்து டெஸ்டரை எடுத்தார். கரண்ட் இருந்தால் உள்ளே சிவப்பாக எரியுமே, அந்த டெஸ்டர். அதை டாக்டர் கையில் கொடுத்தார்.

"ஸ்க்ரூவில வைங்க."

டாக்டர் வைத்தார். எரிந்தது.

தனராஜ் போண்டாவை மெல்லுவதை நிறுத்திவிட்டார். நாங்கள் எல்லோரும் எங்கள் கால்களைப் பார்த்தோம். குருவைத் தவிர, உள்ளே இருந்த எல்லோர் காலிலும் ரப்பர் செருப்பு.

"இது பொய் சொல்லும்" என்றார் டாக்டர். "டெஸ்டரை நம்ப முடியாது. ஒசத்தியான பவர் சப்ளை இது. எத்தனை பேர் எழுதியிருக்கான் இதைப் பத்தி."

ஃபௌசியா பதில் சொல்வதற்குள் டாக்டர் செருப்பை உதறினார். வெறுங்காலோடு மொசைக் தரையில் நின்று, புறங்கையால் ஸ்க்ரூவைத் தொட்டார். ஃபௌசியா வேண்டாம் என்று கை நீட்டியது வீணாயிற்று.

கை துள்ளி விழுந்தது. டாக்டர் இரண்டடி பின்வாங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். திலகா வாசலைத் தாண்டி ஓடிவந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் கையைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்தால் அந்த விளக்குகள் நேராகக் கண் மட்டத்துக்கு வந்தன. ஊதா போய்ப் பச்சை வந்தது.

"பையன் தவழ்றான்" என்றார். "லைட்டைப் பார்த்தா நேரா அதுக்கிட்ட போவான். போன்ல காட்டினா ஸ்க்ரீனை நக்கறான்."

மழைச் சத்தம் கேட்டது.

ஃபௌசியா சுவரிலிருந்த ஸ்விட்சை அணைத்தார். மேசைக்கு அடியில் புகுந்து, தட்டுக்குள்ளிருந்து பெட்டியின் பிளக்கை உருவி வெளியே கொண்டுவந்தார். மூன்று பின் இருக்க வேண்டிய பிளக். இரண்டுதான் இருந்தது. மேலே தடிமனாக இருக்கும் பின்னை அடியோடு வெட்டி, வெட்டின இடத்தை வழவழவென்று ராவியிருந்தது. தொட்டால் உறுத்தாத வேலை.

"இது யார் வேலை?"

"நான்தான்" என்றார் டாக்டர். "கிளினிக்ல பல் ராவுற மெஷின்ல ராவினேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸுல ரெண்டு ஓட்டைதான். மூணு ஓட்டை வச்ச பாக்ஸ் தடியா இருக்கு, தட்டுக்கு வெளிய துருத்துது. பார்க்க நல்லா இல்ல." "அதுல கரண்டே வராதே குருவே. சும்மாதானே நிக்குது."

"ஆமா. வராது."

"அப்புறம்?"

"எவ்வளவு ஒசத்தியான பவர் சப்ளையும் கொஞ்சம் கசியும் டாக்டர். கசியறது மண்ணுக்குப் போறதுக்கு ஒரு வழி வேணும். சும்மா நிக்குதுன்னீங்களே, அதுதான் அந்த வழி. அது இல்லன்னா பெட்டியிலயே நின்னு காத்துக்கிட்டிருக்கும். இன்னைக்கு சுர்ருனு ஏறினதோட விட்டுச்சு. உள்ள ஒரு ஒயர் தோல் உரிஞ்சா விடாது."

தனராஜ் மெல்லத் தன் செருப்பைக் கழற்றி, கையில் வைத்துக்கொண்டு நின்றார். எதற்குக் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பத்து போட்டவர் அவர்.

நான் பிளக்கை வாங்கிப் பார்த்தேன். என் வீட்டு மேசைக்கு அடியில் எப்படி இருக்கிறது என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. மற்றவர்கள் முகமும் அப்படித்தான் இருந்தது.

டாக்டர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கேட்டார்.

"குருவே. எதை மாத்தணும்? எதுவா இருந்தாலும் இன்னைக்கே மாத்திடறேன். நாளைக்குக் காலையில வண்டி வந்துடும்."

ஃபௌசியா அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"ஒயரையும் பாக்ஸையும் நானே இப்ப மாத்திட்டுப் போறேன். அது சின்ன வேலை. நீங்க ஒண்ணு சொல்லுங்க டாக்டர். கிளினிக்குக்கு ஒருத்தர் வர்றார். கூசுதுங்கறார். பார்த்தா வெளிய ஒண்ணும் தெரியல. என்ன சொல்வீங்க?"

டாக்டர் யோசிக்கவே இல்லை. முப்பது வருஷப் பழக்கம், தானாக வந்துவிட்டது.

"வாயைத் திறங்கன்னு சொல்வேன்."

"அக்கா வந்து கூசுதுன்னாங்களே. அப்ப என்ன சொன்னீங்க?"

டாக்டர் திலகாவைப் பார்த்தார். திலகாவின் கை இன்னும் அவர் தோளில்தான் இருந்தது. டாக்டரின் வாய் திறந்தது. "வாயை மூடுன்னு சொன்னேன்" என்றார்.