படுகையை அளந்தவர்

மழைக்காலத்தில் ஆறு கரை மீறிப் பரவும் படுகை நிலத்தில் வீட்டு மனை போடக் கூடாது என்று கோமதி அம்மையார் பத்தொன்பது வருடமாக வழக்கு நடத்திவந்தார். அவருடைய மடம் அந்த ஆற்றங்கரையில்தான் இருந்தது.

இரண்டு கோர்ட்டில் தோற்றாயிற்று. அரசாங்க வரைபடத்தில் அது வெள்ளம் ஏறாத நிலம் என்று இருந்தது. கடைசி விசாரணை மறுநாள்.

மடத்தில் குத்தாலிங்கம் என்றொரு சீடர் இருந்தார். அம்மையாரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்று, ஆறு வருடத்துக்கு முன் வந்து சேர்ந்தவர். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பார். யாரோடும் அதிகம் பேசமாட்டார்.

அன்று காலை அவர் அம்மையாரின் முன் வந்து நின்றார்.

"அம்மா, எனக்கு ஒரு விரதம் கொடுக்கணும்."

"என்ன விரதம்?"

"மௌனம். சாகுற வரைக்கும்."

"எதுக்கு?"

"மனசு அடங்கலை. தியானத்துல உட்கார்ந்தா தண்ணிச் சத்தம் கேக்குது."

அம்மையார் உள்ளே போய் ஒரு காகிதத்தை எடுத்துவந்து அவர்முன் விரித்தார். படுகையின் வரைபடம்.

"கோர்ட்ல இருந்த படத்துல அளந்தவர் கையெழுத்து இல்லை. மூலப் பிரதியோட நகல் போன வாரம்தான் கிடைச்சுது."

அடியில் குத்தாலிங்கத்தின் கையெழுத்து இருந்தது. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐப்பசியில அளக்கப் போனேன். கழுத்தளவு தண்ணி. படகுலதான் சுத்தி வந்தேன்."

"அப்புறம்?"

"சித்திரையில அளந்த மாதிரி எழுதச் சொன்னாங்க மேலதிகாரிங்க. எழுதிக் கொடுத்தேன்."

குத்தாலிங்கம் தலை நிமிர்ந்து அம்மையாரைப் பார்த்தார்.

"ஒரு வாரமா தெரிஞ்சும் ஏன் கேக்கலை?"

"நான் கேட்டு நீங்க சொன்னா, அது எனக்குச் சொன்னதா ஆயிடும்."

குத்தாலிங்கம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நீலக்கோடாக ஓடிய ஆறு அதில் விரலளவுகூட இல்லை.

"கோர்ட்ல சொன்னா பென்ஷன் போயிரும்."

"போகலாம்."

"ஜெயில்லகூடப் போடுவாங்க."

"போடலாம்."

"பெத்த மகளே முகத்துல முழிக்கமாட்டா."

அம்மையாரின் கண்கள் கலங்கியிருந்தன.

குத்தாலிங்கம் கைகூப்பினார்.

"அதனாலதான் கேக்கறேன். மௌன விரதம் கொடுங்க, அம்மா."

"பத்தொன்பது வருஷம் மௌனமா இருந்துட்டீங்களே, ஐயா. நாளைக்கு முடிச்சுக்குங்க."