சாட்சிக்கு இரண்டு பேர்

முதல் அநியாயம், ஆடு மேய்த்தவர்களை விரட்டிவிட்டு மலையை எடுத்துக்கொண்டது. இரண்டாவது, ஊர் ஊராகத் துண்டேந்திச் சேர்த்த பணத்தில் தொலைநோக்கி வாங்கிவிட்டு, ஜமீன்தாரின் பெயரைக் கல்லில் வெட்டியது. மூன்றாவது, ஓர் ஊழியர் கண்ட புது நட்சத்திரத்தை இயக்குநர் தனதாக்கிக்கொண்டது. நான்காவது, இதையெல்லாம் துண்டறிக்கை அடித்துக் கேட்ட வேதமுத்துவை வேலையிலிருந்து தூக்கியது.

பல்கலைக்கழக வானாய்வகத்தின் நூற்றாண்டு வரலாற்றை வேதமுத்து இப்படித்தான் தொடங்கியிருந்தார். வழக்குப் போட்டு வேலையைத் திரும்ப வாங்கிய மனிதர். ஓய்வு பெற்றதும் எழுதும் பொறுப்பை நிர்வாகம் அவரிடமே கொடுத்தது, வாயை அடைக்க. வாய் அடைபடவில்லை.

மூன்றாவது அநியாயத்துக்கு ஆதாரம் இல்லை, நீக்கினால்தான் அச்சு என்று சொல்லிவிட்டார்கள். அன்று மத்தியானமே மலையேறினார்.

நகரத்து வெளிச்சம் வானத்தை விழுங்கியபின் ஆய்வகம் பூட்டிக் கிடந்தது. அவருக்கு வானம் பார்க்கக் கற்றுக்கொடுத்த தேவசுந்தரி அம்மா மட்டும் அங்கேயே ஒரு பழைய குடியிருப்பில் தங்கிவிட்டார். பேச்சுத்துணைக்குக் காவலாளி ஆரோக்கியம்.

"நீக்கட்டுமாம்மா? இல்ல, அவனுங்க மூஞ்சியில வீசிட்டு வரட்டுமா?"

"திருடின இயக்குநர் பேரு என்ன?"

"சபாபதி. கொட்டை எழுத்துல போட்டிருக்கேன். பொய்ச்சாட்சி சொன்ன ரெண்டு பேர் பேரும் இருக்கு."

இங்கே அப்படி ஒரு வழக்கம். புதிதாக ஒன்றைக் கண்டால், கண்டவர் பெயரை இரண்டு சாட்சிகள் முன் உரக்கப் படிக்க வேண்டும். அப்போதுதான் அது செல்லும். அந்த ஊழியர் கண்ட இரவில் மலையில் வேறு ஆளே இல்லை. சபாபதிக்குச் சாட்சிகள் கிடைத்தார்கள்.

"பார்த்தவர் பேரு?"

"ஓர் ஊழியர்னு எழுதியிருக்கேன்."

"அவரைப் பெத்தவங்க அப்படித்தான் கூப்பிட்டாங்களா?"

வேதமுத்துவுக்குச் சுருக்கென்றது. "தேடாத இடமில்லம்மா."

"தொலைநோக்கிக் கோபுரத்துக்குள்ள தேடினியா?"

"அங்க தூசிதானே இருக்கு."

அம்மா சாவியை எடுத்தார். ஆரோக்கியம் கதவைத் திறந்துவிட்டார். தொலைநோக்கியை ஒட்டி, பார்ப்பவர் ஏறி உட்காரும் உயரமான மர ஏணி நின்றது.

"ஏறு."

"இந்த முட்டியோடவா?"

"மேடையில ஏறும்போது வலிக்கலையே."

முனகிக்கொண்டே ஏறினார். உச்சிப் படியில் உட்கார்ந்து தூசியைத் துடைத்தார். ஆணியால் கீறிய எழுத்துகள் கையில் நெருடின: ஒரு பெயர், புது நட்சத்திரம் கண்ட அந்த இரவின் தேதி. கீழே பார்த்தார். இருவரும் தூரத்து மனிதர்கள் போலச் சிறுத்துத் தெரிந்தார்கள்.

"இங்க போய் ஏம்மா எழுதினார்?"

"சொல்றதுக்குப் பக்கத்துல வேற யார் இருந்தா?"

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எப்ப வந்தாலும் சபாபதியைப் பத்தித்தானே கேட்ட."

வேதமுத்து அந்த எழுத்துகளை இன்னொரு முறை துடைத்தார். "சரி, இறங்கி வந்து புத்தகத்துல எழுதிடுறேன்" என்றார்.

"எழுதுறது இருக்கட்டும். ஆரோக்கியம், இப்படி வந்து என் பக்கத்துல நில்லுப்பா." அம்மா நிமிர்ந்து பார்த்தார். "சாட்சிக்கு ரெண்டு பேர் நிக்கிறோம். படி."

கூட்டங்களில் முழங்கிப் பழகிய குரலில் உரக்கப் படித்தார்:

"ஆ. வெயிலுமுத்து."