மிதவை பேசாத மணி

"நகரும் சராசரி உங்க சல்லடையில கிடையாது. சரின்னு நானே எழுதி அனுப்பினேன். அதையும் சேக்க மாட்டேங்கீங்க. நான் என்னம்மா தப்பு செஞ்சேன்?"

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கஸ்பார் கேட்டுவிட்டார். தூத்துக்குடியிலிருந்து தென்காசி வரைக்கும் பஸ்ஸில் அடக்கிக்கொண்டு வந்த கேள்வி.

முப்புடாதிக்கு அவர் வயதில் பாதிகூட இருக்காது. ஆனாலும் அவள்தான் அவருக்குக் குரு. மின்நிலையத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், நிரல் எழுதக் கற்றதே அவள் இணையத்தில் ஊராருக்கெல்லாம் எழுதிய பதில்களைப் படித்துத்தான். நேரில் பார்ப்பது இதுவே முதல் தடவை.

சல்லடை என்பது அவள் எழுதிப் பொதுவில் வைத்திருக்கும் நிரல் நூலகம். எண்களைக் கொட்டினால் சலித்துக் கணக்குச் சொல்லும். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம். சேர்ப்பதும் விடுவதும் அவள் கையில்.

"உக்காருங்க அண்ணாச்சி. மொதல்ல தண்ணி குடிங்க."

குடித்தார். கோபம் இறங்கவில்லை.

அவர் ஊர்க் கடலில், கரையிலிருந்து வெகுதொலைவில் ஒரு மிதவை கிடக்கிறது. மணிக்கொரு தடவை அலையின் உயரத்தைச் சொல்லும். கடைசி ஆறு மணி நேரத்துக்குச் சராசரி பார்க்க வேண்டும். நேரம் நகர நகர அந்த ஆறு மணியும் கூடவே நகர வேண்டும். அதை வைத்து 'கடல் அமைதி' என்றோ 'போகாதீர்கள்' என்றோ கரையில் உள்ள ஒலிபெருக்கி மாலை நாலு மணிக்குச் சொல்லும். அதைக் கேட்ட பிறகுதான் மீன்பிடி வள்ளங்கள் கடலில் இறங்கும். அவர் தம்பி ரொசாரியின் வள்ளமும் அப்படித்தான்.

அவர் அனுப்பிய திருத்தத்துக்குக் கீழே முப்புடாதி ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: 'மிதவை பேசாதபோது?'

'பேசாத மணியைத் தாண்டிப் போய், பேசிய மணிகளில் கடைசி ஆறை எடுத்துக்கொள்ளும்' என்று பதில் போட்டார். அதோடு சரி. அவளிடமிருந்து மாதக்கணக்கில் மூச்சு இல்லை.

"நீங்க சேக்கலைன்னாலும் எங்க மீனவர் சங்கத்துக் கம்ப்யூட்டர்ல அதைத்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன்," என்றார். "நல்லாத்தான் ஓடுது. நீங்க சேத்தா மத்த கரைக்காரங்களும் எடுத்துக்கிடுவாங்க. அதுக்குத்தான் கேக்கேன்."

"மிதவை அடிக்கடி விட்டுப்போகுமோ?"

"எப்பவாச்சும். அலை தூக்கினா ஆன்டெனா முங்கிரும். கொஞ்ச நேரம் பேச்சு வராது. முன்னாடி அந்த நேரத்துல ஸ்பீக்கர் சும்மா கெடக்கும். இவ்வளவு பெரிய மிஷினை நட்டுவச்சுட்டு ஊமையா நிக்கானேன்னு கரையே என்னைப் பாத்துச் சிரிச்சுது. இப்ப ஒருத்தனும் சிரிக்க மாட்டான்."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்தது பெருமைதான். முப்புடாதி தலையாட்டினாள்.

"கணக்குல பிழை இருக்கா?" என்று அவரே தொடங்கினார்.

"இல்லை. சரியா இருக்கு."

"வேகம்?"

"நான் எழுதினதைவிட நல்லா ஓடுது."

"எழுதின விதம்?"

"சுத்தமா இருக்கு அண்ணாச்சி."

கஸ்பாருக்கு உள்ளே குளிர்ந்தது. இந்த வயதில் குருவின் வாயால் கேட்க வேண்டிய சொற்கள் இவை. நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்போ சேத்துக்கிடலாம்லா?"

முப்புடாதி பேசவில்லை.

"உங்களைத்தான் கேக்கேன்."

சொம்பை ஓரமாக நகர்த்தி வைத்தாள். மேசையைத் துடைத்தாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"அம்மா, சேப்பீங்களா மாட்டீங்களா?"

அதற்கும் பதில் இல்லை.

கஸ்பாருக்கு முகம் சிவந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்தவனை இப்படியா நடத்துவது?

"சரி. கேட்டதுக்கெல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொன்னீங்க. இதுக்கும் அதையே பதிலா எடுத்துக்கிடுதேன்."

முப்புடாதி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எழுந்து கிளம்பப் போனவர் பாதியில் நின்றுவிட்டார். தான் சொன்னது அப்போதுதான் அவர் காதிலேயே விழுந்தது. அவர் எழுதிய நிரலும் வரிக்கு வரி அதைத்தானே சொல்கிறது: மிதவை பேசாவிட்டால், முன்பு சொன்னதையே பதிலாக எடுத்துக்கொள்.

சட்டைப்பையில் இருந்து கைபேசியை எடுத்தார். சங்கத்துக் கம்ப்யூட்டரின் கணக்கைத் திறந்தார். மிதவை காலையில் வாய் மூடியது. அதன்பிறகு ஒரு வார்த்தை இல்லை. அதற்குக் கீழே பச்சை எழுத்தில், மாலை அறிவிப்புக்குத் தயாராக, 'கடல் அமைதி' என்று நின்றது.

நாலு மணிக்கு அதிக நேரம் இல்லை.

தம்பியைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடு, எடு என்று முணுமுணுத்தார்.

"சொல்லுண்ணே."

"எங்க நிக்க?"

"கரையிலதான். எல்லா வள்ளமும் ரெடி. அறிவிப்பு வந்ததும் இறக்கிருவோம்."

"ஸ்பீக்கர் வயரை உருவிப் போடு. இப்பவே."

"எதுக்கு? கடல் மோசமா இருக்கா?"

அந்தப் பக்கம் கரையே கூடி நிற்கும் சத்தம் கேட்டது. சிரிப்பவர்கள் எல்லாம் அங்கேதான் இருப்பார்கள்.

"தெரியல, ரொசாரி."

"என்ன?"

"கடல் எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியலடா."

கைபேசிக்குள் காற்று இரைந்தது. பிறகு அவன் வேறு பக்கம் திரும்பிக் கத்துவது கேட்டது.

"வள்ளத்தை மேல ஏத்துங்கலே. அண்ணனுக்கே தெரியலையாம்."