இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள்

விண்மீன் மண்டலங்களைப் படமெடுப்பவர்கள் இரவெல்லாம் வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள் என்றொரு நம்பிக்கை படித்தவர்களிடையேகூடப் பரவியிருக்கிறது. வருத்தத்துடன் மறுக்க வேண்டியிருக்கிறது. அண்ணாந்து பார்ப்பது தொலைநோக்கி. அவர்கள் தூங்கிவிடுவார்கள். மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கணினியில் பார்ப்பார்கள்.

அப்படியொரு மதியம், மலைமேல் இருந்த சிறிய வானாய்வுக்கூடத்தில், தணிகாசலம் தனக்கு வானத்தைப் படமெடுக்கக் கற்றுத்தரும் ஆசிரியையைக் கூப்பிட்டார். அவருக்கு அறுபத்து மூன்று. நில அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆசிரியை மெஹருன்னிசாவுக்கு முப்பத்தொன்று.

பதினான்கு இரவுகளின் படங்களை ஒன்றாகச் சேர்த்த படம் திரையில் இருந்தது. நடுவில் சுருள்சுருளாக ஒரு விண்மீன் மண்டலம். மாலை ஐந்து மணிக்குள் அதைப் போட்டிக்கு அனுப்ப வேண்டும். மூன்று வருடமாக அவர் படம் முதல் சுற்றைத் தாண்டியதில்லை.

“எப்படி டீச்சர்?”

“பின்னால ஒண்ணுமே இல்லையே சார்?”

“இருந்துச்சு. மங்கலா, புள்ளி புள்ளியா. கேமரா கோளாறு. இருநூத்திப் பன்னிரண்டு. ஒண்ணு விடாம துடைச்சிட்டேன்.”

கேமராவில் பழுதான புள்ளிகள் உண்டு. கும்மிருட்டைப் பார்த்தும் வெளிச்சம் என்று சாதிக்கும். அதனால்தான் ஒவ்வொரு படத்துக்கும் தொலைநோக்கியைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பது வழக்கம். பழுது அதே இடத்தில் நிற்கும். வானத்தில் இருப்பது விண்மீன்களோடு சேர்ந்து நகரும்.

மெஹருன்னிசா மூலப் படங்களைத் திறந்தார். துடைக்கப்பட்ட ஒரு புள்ளியைக் காட்டி, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

விண்மீன்கள் நகர்ந்தன. புள்ளியும் நகர்ந்தது.

தணிகாசலம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இது என்ன?”

“இன்னொரு விண்மீன் மண்டலம். எழுபது கோடி வருஷம் பயணம் பண்ணி வந்த வெளிச்சம் சார். வாசல் பெருக்குற மாதிரி பெருக்கிட்டீங்க.”

அடுத்த புள்ளி நகர்ந்தது. அதற்கடுத்ததும். நான்காவது நகரவில்லை; அது கேமரா. ஐந்தாவது நகர்ந்தது.

“இதுக்குள்ள எத்தனை நட்சத்திரம்?”

“பத்தாயிரம் கோடி இருக்கலாம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

“முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல ஒரு பாழுங்கிணத்தைக்கூட வரைபடத்துல விட்டதில்லை, டீச்சர்.”

“மணி மூணரை. படம் பார்க்க அழகாத்தான் இருக்கு, பரிசுகூடக் கிடைக்கலாம். இப்படியே அனுப்பிடவா?”

அவர் ஐந்தாவது புள்ளியைத் தொட்டுக் கேட்டார்.

“அங்கேருந்து யாராவது இந்தப் பக்கம் படம் எடுத்தா, நாம எப்படித் தெரிவோம்?”

“மங்கலா, ஒரு புள்ளியா. அந்த ஊர் சார் துடைக்காம விட்டா.”

ஐந்து மணிக்குப் போட்டிக்கு அனுப்பும் நேரம் முடிந்தது. தணிகாசலம் அப்போது முப்பத்தேழாவது புள்ளி நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.