நாற்பத்து மூன்றாம் பக்கம்

பேராசிரியர் மாசிலாமணியின் புத்தகத்தை விருதுக்குப் பரிந்துரைக்குமுன், அதிலிருந்த 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணை எங்கிருந்து எடுத்தது என்று துணைவேந்தர் கேட்டார்.

பேராசிரியருக்கு அசரும் பழக்கம் இல்லை. “நம்ம நூலகத்துல இருந்த கணக்கெடுப்பு அறிக்கையில எடுத்ததுதான், ஐயா. இப்போ அது அங்க இல்லேன்னா, இந்தப் பொண்ணு தொலைச்சிருப்பா,” என்று நூலகத்தின் தற்காலிக ஊழியர் இசக்கியம்மாளைக் கை காட்டினார். “ஏம்மா, மதியத்துக்குள்ள அது இங்க வரணும். இல்லேன்னா நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்.”

மதியம் அவள் ஒரே ஒரு புத்தகத்தோடு வந்தாள்.

“சார், 1991, 2001, 2011 மூணும் அலமாரியில இருக்கு. பத்து வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கிறதுதான், ஆனா 2021-ல எடுக்கவே இல்லை. அரசாங்க இணையதளம், ஐ.நா. தளம் எல்லாம் தேடிட்டேன். உலகத்துலயே ஒரு இடத்துலதான் அந்த அட்டவணை இருக்கு.”

“அதைத்தானே கேட்டேன். கொண்டா.”

அவள் பேராசிரியரின் புத்தகத்தையே நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

துணைவேந்தர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்போ இதை யாரும்மா எண்ணினது?”

“சார்தான் தனியா வீடுவீடாப் போயிருக்கணும், ஐயா,” என்றாள் இசக்கியம்மாள். “எங்க வீட்டுக்கு மட்டும் வரலை.”