வாடை போன கேளையாடு

கழுத்தில் இருந்த புலி வாடை தண்ணீரில் கரைந்துபோனது. கேளையாடு செவலைக்கு வந்த வினை அதுதான்.

கேளையாடு ஆடல்ல. நாய்போலக் குரைக்கும் சின்ன மான். கோடையில் அந்தக் காட்டுக்கு இருந்தது ஒரே ஒரு மடு. யார் முதலில் குடிப்பது, யார் பிறகு என்று முறை சொல்லிக் குரைப்பது செவலையின் வேலை. புலிராஜா பெருவரியன் கொடுத்த வேலை. தினமும் விடிந்ததும் பெருவரியன் தன் கன்னத்தை அவன் கழுத்தில் ஒரு தேய் தேய்த்து அனுப்புவான். அந்த வாடை உள்ளவனைத் தொட்டால் ராஜாவைத் தொட்ட மாதிரி. அதனால்தான் செவலை குரைத்தால் காட்டெருமைகூட ஒதுங்கி நிற்கும்.

சிறுத்தை புள்ளியானுக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. "நான் தின்கிற பயல் எனக்கே முறை சொல்வதா?" என்று கிளையில் படுத்து முனகிக்கொண்டே இருப்பான்.

அன்று பன்றிக்குட்டி ஒன்று மடுவின் சேற்றில் புதைந்து கத்தியது.

"நான் இறங்கினால் என் கனத்துக்கு நானும் புதைந்துபோவேனே, செவலையண்ணே" என்று தாய்ப்பன்றி கரையில் அல்லாடியது.

செவலை யோசிக்கவில்லை. கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கினான். குட்டியை முட்டி முட்டித் தள்ளிக் கரை சேர்த்தான்.

ஏறி வந்தால் எதிரே புள்ளியான். மெதுவாக மோந்து பார்த்தான்.

"சேற்று நாற்றம்தான் வருகிறது. நீ யாருடைய ஆள்?"

"விளையாடாதீங்க. காலையில் என் மேல் ராஜா வாடையை நீங்களே மோந்தீங்க."

"மோந்தேன். இப்போது இல்லையே. சட்டம் வாடைக்குத்தான், உன் வாய்க்கு இல்லை."

"ராஜா வேலையில் போன வாடைங்க அது."

"அப்படியா? ராஜாவையே வந்து சொல்லச் சொல். கால் வீங்கிக் குகையில் கிடக்கிறவர் வரட்டும், பார்ப்போம்."

ஒரே அறை. செவலை மண்ணில் விழுந்தான். கழுத்தில் நகம் ஏறியது.

"சட்டப்படி பார்த்தால் சிறுத்தை சொல்வது சரிதானே" என்று கரையில் முறைக்குக் காத்து நின்ற காட்டெருமை முணுமுணுத்தது. நகத்தைவிட அது வலித்தது செவலைக்கு.

இருந்தது தொண்டை ஒன்றுதான். குரைத்தான். ஒரு தரம். இரண்டு தரம். மூன்றாவதற்குள் நகம் அழுத்தியது.

மேலே, குகைப் பக்கம் கல் உருண்டது. பெருவரியன் மூன்று காலில் நொண்டி இறங்கி வந்துகொண்டிருந்தான். சண்டை போடும் நிலையில் அவன் இல்லை. அது எல்லோருக்கும் தெரிந்தது. புள்ளியானுக்கும் தெரிந்தது. அவன் காலை எடுக்கவில்லை.

பெருவரியன் அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"செவலை, இப்போது யார் முறை?"

நகத்தடியில் கிடந்தபடியே செவலை சொன்னான். "பன்றி முறைங்க, ராஜா. அடுத்தது காட்டெருமை. அதற்கப்புறம் நீங்க."

"எனக்குத் தாகமாய் இருக்கிறதே."

"இருந்தாலும்… முறை முறைதானுங்க."

"சரி."

நொண்டிக்கொண்டே போய், காட்டெருமைக்குப் பின்னால் உட்கார்ந்தான் பெருவரியன். "அவன் நனைந்தது என் வேலையில். இனி மோந்து பார்க்க என்ன இருக்கிறது?" என்றான். அவ்வளவுதான்.

காட்டெருமைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கொம்பைத் தாழ்த்தி முன்னால் வந்தது.

"ராஜாவே அவன் பேச்சுக்குக் காத்திருக்கிறார். காலை எடுப்பா."

பன்றிகள் எல்லாம் அதன் பக்கத்தில் வந்து நின்றன. புள்ளியான் சுற்றிலும் பார்த்தான். காலை எடுத்தான்.

"என் முறை எப்போது?" என்றான், எங்கோ பார்த்துக்கொண்டு.

செவலை எழுந்து உடம்பை உதறினான். "கடைசி. ராஜாவுக்குப் பின்னால் போய் நில்லுங்க."

தனக்காக உழைத்தவனுக்கு ஆபத்து என்றால் தானே வந்து நிற்பவன்தான் ராஜா. அன்று நொண்டிக்கொண்டு வந்து நின்றவன் பெருவரியன்.