முதுகுக்கு ஒரு விருது

பொள்ளாச்சியிலிருந்து கிளம்புகிற டவுன் பஸ்ஸில், எந்த ஊர்ப் பேரைச் சொன்னால் கண்டக்டர் தலையில் அடித்துக்கொள்கிறாரோ, அதுதான் மேக்காலபுதூர். ஊர்க்காரர்கள் தங்கமானவர்கள். எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். வம்பே அதில்தான்.

அந்த ஊரில் ஒரு சினிமா ஷூட்டிங் நடந்தது. கதாநாயகி போகிற மாட்டுவண்டியை ஓட்டியவன் நம்ம சென்னிமலை. கேமராவைப் பின்னால் வைத்து எடுத்ததால் படத்தில் அவன் முதுகு மட்டும்தான் வரும். கிளம்புகிற நேரத்தில் புரொடக்ஷன் மேனேஜர் அவனைக் கூப்பிட்டு, முதுகு பிரமாதமாக நடித்திருக்கிறது, விருது நிச்சயம், ஏற்புரையை இப்போதே எழுதி வைத்துக்கொள் என்று கிண்டலடித்துவிட்டு வேனில் ஏறினார். மேக்காலபுதூரில் போய்க் கிண்டலடிக்கலாமா அந்த மனுஷன்?

சென்னிமலை வேன் பின்னாலேயே ஓடி, ஏற்புரையை எப்படி எழுதுவது என்று கேட்டான். அவரும் ஜன்னல் வழியாகச் சொன்னார். நன்றி சொல்லும்போது ஒருத்தரையும் விட்டுடாதே. கண்ணாடி முன்னாடி பேசிப் பழகு. கடைசியில் 'இதைப் பார்க்க எங்கப்பா இல்லையே'ன்னு ஒரு வரி போடு, அரங்கமே அழும்.

சென்னிமலையின் அப்பா ஆறுக்குட்டி தேங்காய் உரிக்கிறவர். ஷூட்டிங் அன்று காய் லோடு ஏற்றப் போயிருந்ததால் மகன் நடித்ததை அவர் பார்க்கவில்லை. அந்த ஏக்கத்தில் மனுஷனுக்குச் சோறே இறங்கவில்லை. பேசுவதையாவது கண்குளிரப் பார்த்துவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தேங்காய்க் களத்தில் ஊரார் முன்னால் ஒத்திகை என்றதும், வெள்ளைச் சட்டையை எடுத்து நீலம் போட்டுக் காயவைத்தார்.

ஏற்புரை எழுத நாச்சிமுத்துவும் குப்பணனும் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு பேருமே சென்னிமலைக்கு உயிர்ச் சிநேகிதர்கள், அறிவிலும் அவனுக்குச் சளைத்தவர்கள் அல்ல. வண்டி மாடுகளுக்கு நன்றி சொல்வதா என்பதிலேயே ஒரு பொழுது போயிற்று. வலது மாடு ஷூட்டிங் நேரத்தில் சாணி போட்டதால் அதற்கு நன்றி கிடையாது என்றான் குப்பணன். அந்தச் சாணி படத்தில் வருகிறது, உன் மூஞ்சி வருகிறதா என்றான் நாச்சிமுத்து. கடைசியில் சாணியைத் தனியாகக் குறிப்பிட்டு நன்றி சொல்வதாகச் சமாதானம் ஆனார்கள்.

அடுத்தது கண்ணாடி. ஊரில் பெரிய கண்ணாடி சலூனில்தான் இருக்கிறது. நடித்தது முதுகு, ஆகையால் விருதை வாங்கிப் பேச வேண்டியதும் முதுகுதான் என்று நாச்சிமுத்து எடுத்துச் சொல்ல, சென்னிமலை கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பாதி மீசை எடுத்த நிலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரைப் பார்த்து மூச்சுவிடாமல் பேசினான். பேசி முடிவதற்குள் கடைக்காரர் அழுதுகொண்டே மீதி மீசையையும் எடுத்துவிட்டார்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது கடைசி வரி வந்தது. சென்னிமலைக்கு முகம் வெளுத்துவிட்டது.

"எங்கப்பாதான் இருக்கறாரே. மைக்குல பொய் பேசுனா விருதைப் பிடுங்கிக்குவாங்களே" என்றான்.

அந்த வரியை எடுத்துவிடலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நீங்கள் வெளியூர். மூவரும் நேராக ஆறுக்குட்டியிடமே போய், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் எங்காவது வெளியூர் போய்விடச் சொல்லிக் கெஞ்சினார்கள். கயிற்றில் காய்ந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்தார் ஆறுக்குட்டி. அவருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இதற்காகவே இத்தனை நாள் காத்துக் கிடந்தேனே என்று புலம்பினார். எனக்குக்கூடச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

குப்பணன்தான் யோசித்து வழி சொன்னான்.

"மாமா, வரியில 'பார்க்க'ன்னுதானுங்க இருக்குது. நீங்க வரலாம், முன்னாடியே உக்காரலாம், காதுல கேக்கவும் கேக்கலாம். பார்க்க மட்டும் கூடாதுங்க."

என்ன மூளை பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை களம் நிறைந்துவிட்டது. முன்வரிசை நாற்காலியில் வெள்ளைச் சட்டையோடு ஆறுக்குட்டி, கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம், அவன் எப்படி நிற்கிறான் என்று கேட்டார். முதுகு நல்லாத் தெரியுதுங்க என்றார் அவர். ஆறுக்குட்டிக்கு நிம்மதி.

சென்னிமலை ஊரில் ஒருத்தர் விடாமல் நன்றி சொன்னான். ஷூட்டிங்குக்கு வராதவர்களுக்கு இரட்டை நன்றி, அவர்கள் வந்திருந்தால் வண்டி ஓட்டும் வாய்ப்பு கைமாறியிருக்குமே. மாட்டுக்கும் சாணிக்கும் நன்றி சொன்னபோது கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு அந்த வரியைச் சொன்னான்.

"இதைப் பார்க்க எங்கப்பா இல்லையே."

களமே குலுங்கிக் குலுங்கி அழுதது. சொன்னவனும் அழுதான். எல்லோரையும் விடப் பெரிதாக ஒரு சத்தம் முன்வரிசையில் கேட்டது. ஆறுக்குட்டி எழுந்து, கட்டிய கண்ணோடு தடவித் தடவி மேடையேறி மகனைப் பிடித்துக்கொண்டார்.

"அழுவாதே கண்ணு. நல்ல மனுசன், உம்மேல உசுரையே வெச்சிருந்தாரு. இதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வெக்கல."

மைக்கில் சொன்ன சேதியாயிற்றே, யார் சந்தேகப்படப் போகிறார்கள்? மறுநாள் விடிந்ததும் ஊரே சென்னிமலை வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்துவிட்டது. வாசலில் பாய் விரித்து, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்துக்கொண்டிருந்தார் ஆறுக்குட்டி. நல்லாத்தானே இருந்தார், எப்படித் திடீரென்று இப்படி ஆயிற்று என்று எல்லோரும் அவரையே கேட்டார்கள்.

"அதைத்தானுங்க நானும் நம்ப முடியாம உக்காந்திருக்கறேன்" என்று மூக்கைச் சிந்தினார் அவர். "நேத்துக் காலையிலகூட எங்கூடத்தானுங்க காப்பி குடிச்சாரு."